இரண்டு பக்கமும் ஒத்து வந்தால்

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன், என் துடுக்குத்தனத்தையும் சேர்த்து.

எங்கள் எம்.பி., பள்ளிக்கூட மாஸ்டரான அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ராமையா அண்ணை இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருக்கு வாக்குரிமை இல்லை; சுதந்திரம் கிடைத்த கையோடு மலைநாட்டுத் தோட்டத் தமிழரிடமிருந்து அரசாங்கம் அதைப் பறித்துவிட்டது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் மசோதா அடுத்த கிழமை பாராளுமன்றத்துக்கு வருகிறது.

"ஐயா, எங்களுக்காகக் கை தூக்குவீங்களா?" என்று அவர் கேட்டார்.

எம்.பி. இளநீரைக் குடித்து முடித்தார். "அரசாங்கமும் எதிர்க்கட்சியும் ஒத்து வந்தால் தூக்குவன். ஒரு பக்கம் தனியச் செய்தால் நிலைக்காது. நான் நடுவிலை நிக்கிற ஆள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பறிக்கேக்கை இவரின்ரை சம்மதத்தை ஆரும் கேட்டவையோ?" என்றேன்.

"மாஸ்டர், உவள் கோட்டிலை வாதாடுற அப்புக்காத்தாய்த்தான் வருவாள்!" என்று எம்.பி. சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ராமையா அண்ணை குடித்து முடித்த இளநீர்க் கோம்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன தேர்தலில் இதே எம்.பி. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கும்பிட்டு வந்தார். ராமையா அண்ணையின் கொட்டிலை மட்டும் தாண்டிப் போனார். அதற்கு எந்தப் பக்கத்தின் சம்மதமும் தேவைப்படவில்லை.

இந்த வரியை இருட்டில் தடவித்தான் எழுதுகிறேன்: அப்பா லைற்றை நிறுத்திவிட்டார். என்னைக் கேட்கவில்லை.