மகேன் முழித்திருந்தார்

ரிங்லெட்.

அன்புத் தங்கை மோகனாவுக்கு,

அக்கா விக்னேஸ்வரி எழுதுவது. மாப்பிள்ளை மகேன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதாகச் சொன்னார்கள். நல்லது. போனில் பேசினால் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இங்கே மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பாதி நாள்தான் வேலை.

நான் கிள்ளானுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையைப் பார்த்த உடனே பஸ் ஏறிவிட்டதில் உனக்குக் கோபம். "அக்காவுக்கு வயித்தெரிச்சல்" என்று எல்லோரிடமும் சொன்னாயாம். எரிந்தது உண்மைதான். ஏன் என்று கேள்.

தொண்டையில் குழாய், பக்கத்தில் மூச்சு மிஷின். அப்படியும் மகேன் முழித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சின்னப் பலகையில் "சாப்பிட்டீங்களா?" என்று எழுதிக் காட்டினார்.

நர்ஸிடம் கேட்டேன். "இப்பல்லாம் ரொம்பத் தூங்க வைக்கிறதில்லக்கா. முழிப்போட வச்சு கை கால அசைக்க வைப்போம். மிஷின சீக்கிரம் எடுத்துடலாம். முன்ன விட நெறைய பேரு பொழைக்கிறாங்க லா" என்றாள். கோவிட் நேரத்தில் ஏன் இப்படிச் செய்யவில்லை என்றேன். "அப்ப ஆளே பத்தலக்கா" என்று தலைகுனிந்தாள். அவளைச் சொல்லி என்ன?

அந்தக் கோவிட்டில் உன் மாமாவை, என் வீட்டுக்காரரை, மிஷினில் போட்டபோது என்னை உள்ளே விடவில்லை. போனில்தான் காட்டினார்கள். மயக்க மருந்தில் கிடந்தார். குழாயைப் பிடுங்கிவிடுவாரென்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கொழுந்து மூட்டை தூக்கிய கை குச்சியாகியிருந்தது. "நல்லாத் தூங்குறாரு" என்றார்கள். நம்பினேன். கடைசிவரை கண் திறக்கவில்லை.

முழித்திருந்தால் பிழைத்திருப்பாரா? சொல்ல முடியாது என்கிறார்கள். பிழைக்காவிட்டாலும் எனக்கு ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருப்பார். உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. பொறாமைதான், மோகனா. ஆனால் மகேனுக்கு ஒரு நொடியும் நான் கெட்டது நினைத்ததில்லை.

மாப்பிள்ளைக்குக் கால் நடுங்குகிறதாம். பயந்துபோய்ப் படுக்க வைத்துவிடாதே, தினமும் நடக்க வை. தூக்கத்தில் அலறினால் திட்டாதே. மிஷினில் இருந்து வந்தவர்களுக்கு அப்படி இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள்.

தீபாவளிக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொல்லி அனுப்பினாய். இந்த வருஷம் வேண்டாம். மாப்பிள்ளை என் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அடுத்த வருஷம் வாருங்கள்.

மகேன் நூறு வயது வாழட்டும். நீயாவது கடைசிவரை பூவும் பொட்டுமாக இரு.

உன் அக்கா,
விக்னேஸ்வரி