மேல் நாலு மைல்

பென்ரீவ்
9 நவம்பர் 2017

அன்புள்ள இட்வால்,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை வருவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று பீற்றிக்கொள்வாயே, இந்த வாரத்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? இங்கே ஒன்பது நாளாகக் கொட்டுகிறது.

மழையிலும் வேலை நிற்கவில்லை. நானும் ஊரார் பதினொரு பேருமாக முட்புதரை வெட்டி, பென்ரீவ் ஸ்டேஷனிலிருந்து இரண்டாம் பாலம்வரை தண்டவாளத்தை வெளியே கொண்டுவந்துவிட்டோம். வெள்ளத்தில் ஆற்றுப்பாலம் போய் ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் அது வெளிச்சத்தைப் பார்க்கிறது. ஆட்டுப்பண்ணை க்ளின் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, "நெரிஸ், மொத வண்டி இங்க வரைக்கும் வரும்னு உங்க ரயில் சங்கத் தலைவர் நெசமாத்தான் சொன்னாரா? இல்ல, எங்கள வேலை வாங்க நீயா அளந்து விடறியா?" என்றார். "இட்வால் என் கையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கான்யா, எழுந்து வெட்டு" என்றேன்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். மலையை வெட்டி லைன் போட்ட இடத்தில் தடுப்புச் சுவர் நகர்கிறது. கோடையிலிருந்து இரண்டு விரற்கடை. பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் காரணம் பெரிதில்லை. பின்னால் உள்ள வடிகால் தூர்ந்துபோய்த் தண்ணீர் சுவரை நெட்டுகிறது. வடிகாலைத் தோண்டி, அடிவரிசைக் கல்லை மாற்றினால் போதும். இரண்டு கோடை வேலை. கல்லைத் தன் வயலிலிருந்து தருவதாக க்ளின் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் மலைரோட்டுச் சுவர்களை மேற்பார்வை பார்த்தவள் நான். தண்ணீர் கசிந்து அழுகிற சுவருக்கும் விழுகிற சுவருக்கும் வித்தியாசம் தெரியும். வசந்தத்தில் மறுபடி அளந்து கமிட்டிக்கு முறையாக எழுதுகிறேன். அதுவரை நமக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
நெரிஸ்


ஆபர்ஹெலிக்
16 நவம்பர் 2017

அன்புள்ள நெரிஸ்,

முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. உன் கடிதம்தான் பேசுகிறது.

நல்ல சேதி: கொதிகலன் சோதனையில் எஞ்சின் தேறிவிட்டது. ஷெட்டில் மூன்று ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்டால் புகை என்றார்கள்.

சுவர் விஷயம் என்னோடு பத்திரம். ஆனால் அளவுகளைக் கொஞ்சம் விவரமாக எழுதி அனுப்பேன். எத்தனை அடி நீளம், எந்தத் தேதியில் எவ்வளவு. உன் கையெழுத்தோடு இருந்தால் பின்னால் உதவும்.

என்றும் உன்,
இட்வால்


ஆபர்ஹெலிக்
22 ஜனவரி 2018

அன்புள்ள நெரிஸ்,

அளவுகள் வந்தன, உன்னைப் போல் எழுத ஆளில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமை திறக்கிறோம்! நேற்றுக் கமிட்டி கூடியது, ஒரு குரல்கூட எதிர்ப்பில்லை. பனியில் மலைரோடு வழுக்கும் என்றுதான் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வண்டி முதலில் எதுவரை போகும் என்பதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்குச் சந்தோஷப்படு.

உன்,
இட்வால்


பென்ரீவ்
3 பிப்ரவரி 2018

இட்வால்,

கமிட்டிக் கூட்டத்துக்கு டீ கொண்டுபோகிற டீக்கடை மெய்னிர் நேற்று வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே?"

"என்னத்தடி?"

"சுவரு நகருது, பாத்தா வயித்தக் கலக்குதுன்னு. தலைவரு உங்க கடுதாசியப் படிச்சாரு. 'நெரிஸே பயப்படறான்னா, இதுக்கு மேல நமக்கு யாரு சொல்லணும்?'னாரு. எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க."

"வடிகாலப் பத்திப் படிச்சானா? க்ளின் கல்லு தர்றத?"

"அப்படி ஒண்ணும் படிக்கலியேக்கா."

பென்ரீவ் வரையிலான மேல் நாலு மைலையும் கைவிடுவது, அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து ஆபர்ஹெலிக் பக்கத்துக் கீழ்ப்பாதைக்குப் போடுவது. இதுதானே தீர்மானம்? மூன்று வருஷமாக நாங்கள் புதர் வெட்டியது, நீ பெயர்த்தெடுக்க வசதியாகவா?

என் பயத்தைப் படித்தவன் அடுத்த வரியை ஏன் படிக்கவில்லை? விவரமாக எழுது, கையெழுத்துப் போடு என்றாயே, அப்போதே முடிவு செய்துவிட்டாயா?

ஊரில் ஒவ்வொரு வாசலாகப் போய் நானே சொன்னேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. க்ளின் என் கொட்டகைக்கு வந்து, அங்கே வைத்திருந்த தன் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

நெரிஸ்


ஆபர்ஹெலிக்
8 பிப்ரவரி 2018

அன்புள்ள நெரிஸ்,

நான் பொய் எதுவும் படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நீ எழுதியது. இப்படி ஆரம்பித்தால் உனக்கு இன்னும் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் அதுதான் உண்மை.

லைன் மூடியபோது சங்கத்தில் நாம் அறுபத்திரண்டு பேர். ஒன்பது பேரை அடக்கம் செய்துவிட்டோம். நாலு பேருக்கு ஏணி ஏற முடியாது. இன்னும் இரண்டு கோடை என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். இரண்டு கோடை கழித்து எஞ்சினை ஓட்ட யார் இருப்பார்கள்? இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது விசில் சத்தம் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஆமாம், நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கூட்டத்துக்கு வந்திருப்பாய். நீ எழுந்து பேசினால் பாதிப் பேர் உன் பக்கம் சாய்ந்திருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை. பனியும் இல்லை, வழுக்கலும் இல்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ ஏற்பாயா, தெரியவில்லை. கேட்கிறேன்.

இட்வால்


ஆபர்ஹெலிக்
12 மார்ச் 2018

அன்புள்ள நெரிஸ்,

ஒரு மாதமாகிறது. தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன், "உங்களுக்கு வந்தா நான் தின்னுடவா போறேன்?" என்றார்.

திறப்பு நாளில் பச்சைக்கொடி நீதான் காட்டவேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். கைதட்டினார்கள். வேறு யாரிடமும் கொடியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்,
இட்வால்


பென்ரீவ்
26 மார்ச் 2018

ஹெலிக் பள்ளத்தாக்கு ரயில்பாதைச் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். திறப்பு விழாவுக்கு அழைத்ததற்கு நன்றி. நான் வர இயலாது.

நேற்று ஆபர்ஹெலிக்கில் என் தங்கை வீட்டிலிருந்து கீழ்ப்பாதை ஓரமாக நடந்தேன். வேலை பார்க்கும் எண்ணம் இல்லை, கண் பழகிவிட்டது. ஆற்றுவளைவில், புதுப்பாலம் தாண்டி நாற்பது தப்படியில், இடதுகைத் தண்டவாள இணைப்பில் நாலு போல்ட்டுக்கு இரண்டுதான் இருக்கின்றன. இருப்பதில் ஒன்று கையால் திருகினால் சுற்றுகிறது. அங்கே கிடப்பவை மேலிருந்து பெயர்த்துக்கொண்டுபோன தண்டவாளங்கள்; அவசரத்தில் பூட்டியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்து, அந்த வளைவு முழுவதையும் ஆள் நடந்து பார்க்காமல் சனிக்கிழமை வண்டியை விடக்கூடாது. வண்டி நிறையக் குழந்தைகள் இருப்பார்கள்.

ஒருநாள் வேலைதான். நல்ல ஆட்கள் இரண்டு பேர் போதும். திறப்பைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை ரயில்பாதை ஆய்வாளருக்கும் இன்றைய தபாலிலேயே அனுப்பியிருக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, முழுவதுமாக.

இப்படிக்கு,
நெரிஸ் ப்யூ