ஒரே கிணறு, இரண்டு மோட்டார்

அக்கா,

இன்று காலை மோட்டார் போட்டு இருபது நிமிடம் ஆகியும் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. கீழே போய்ப் பார்த்தால் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. உடனே நிறுத்தினேன். அந்தச் சூட்டு வாடை வந்தாலே எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. கூடவே வெட்கமும் வருகிறது.

சிட்லபாக்கத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரே கிணறு. உங்கள் பக்கம் ஒரு மோட்டார், என் பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்து இழுத்தால் கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும் என்று, போடுவதற்கு முன் சுவருக்கு மேலே "போடட்டுமா?" என்று கேட்டுக்கொள்வோம். பல வருடங்களுக்கு முன் அந்த மே மாதம் என் மோட்டார் மூன்று நாள் தண்ணீர் ஏற்றாமல் சும்மாவே ஓடியது. எனக்குத்தான் மூக்கின் மேல் கோபமாயிற்றே. நீங்கள் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சுவரருகே வந்து கத்தினேன். "விடியக்காலைல சொல்லாம மோட்டார் போட்டு மொத்தத் தண்ணியையும் நீங்களே உறிஞ்சிட்டா நாங்க எங்க போறது?"

பதிலுக்கு நீங்கள் சண்டை போடவில்லை. "சரிம்மா, உனக்குத் தண்ணி ஏறுற வரைக்கும் நான் போடல" என்றீர்கள். பதினோரு நாள் போடவில்லை. ஆபீஸ் ரயிலைப் பிடிக்க ஓடவேண்டிய நேரத்தில், நீங்களும் மகளும் தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தீர்கள். நான் ஜன்னல் வழியே பார்த்து, என்ன நடிப்பு என்று நினைத்தேன். ஆமாம் அக்கா, அப்படித்தான் நினைத்தேன். உங்கள் மோட்டார் நின்ற பிறகும் எனக்கு ஏறவில்லை. கரண்ட் இல்லாதபோதெல்லாம் விடும் வாளியை விட்டு இறைத்தேன். தண்ணீர் வந்தது, புத்திதான் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு நீங்களே வந்தீர்கள். மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி ஊற்றினீர்கள். ஊற்ற ஊற்ற உள்ளே இறங்கியது. "பாத்தியா, நிக்கல. அடியில புட் வால்வு சரியா மூடல. பைப்புல இருக்கற தண்ணி கிணத்துக்கே திரும்பிடுது. வெறும் காத்தை வச்சு மோட்டார் என்ன பண்ணும்?"

பிளம்பர் வந்து குழாயை மேலே தூக்கினார். வால்வின் வாயில் பச்சை நைலான் நூல் கொத்தாகச் சிக்கியிருந்தது. "இன்னாம்மா, யாரு வூட்டுக் கயிறு இது?" என்றார். என் வாளி பச்சைக் கயிற்றோடு பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நீங்களும் அதைப் பார்த்தீர்கள். "கிணறுன்னா ஏதாவது விழத்தான் செய்யும், நீ க்ளீன் பண்ணு" என்று மட்டும் சொன்னீர்கள். அன்றே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்தேன். அதோடு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்றும் முதலில் தண்ணீர் ஊற்றித்தான் பார்த்தேன். சட்டென்று இறங்கவில்லை, அதனால் வால்வில் குறையில்லை. ஆனால் மோட்டாரை ஒட்டிய குழாய் இணைப்பில் ஈரம் கசிந்தது. அந்த வழியாகத்தான் காற்று புகுந்திருக்கிறது. காய்ந்து வெடித்திருந்த வாஷரை மாற்றிப் போட்டேன், தண்ணீர் ஏறிவிட்டது.

நீங்கள் கண்மூடிய பிறகு வீட்டைக் காலி செய்ய வந்திருக்கும் உங்கள் மகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"உங்கம்மாதான்" என்றேன். என் வாய் அதோடு சும்மா இருக்குமா? "அப்போ பதினோரு நாள் நீயும் குடம் தூக்கினியே, என்மேல கோபம் இல்லையே?"

அவள் விழித்தாள். "உங்க மேல எதுக்கு? எங்க மோட்டார்தானே ரிப்பேரு. காயில் போச்சு, சுவிட்சைத் தொடாதேன்னு அம்மா சொன்னாங்களே."

அக்கா, நன்றாக இருந்த மோட்டாரைப் பழுது என்று சொல்லி, பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுமந்திருக்கிறீர்கள். இத்தனை வருடம் அவள் வாய் நிறைய ஆன்ட்டி என்று கூப்பிட்டது நீங்கள் எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. அது தெரிந்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. நான் கத்தியதை, அந்தப் பச்சைக் கயிற்றை, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா சொல்லாததை நானும் கேக்கல ஆன்ட்டி, விடுங்க" என்றாள்.

உங்கள் மகள்தான் அக்கா. ஆனால் அவள் விடச் சொல்லியும் என்னால் விட முடியவில்லை. அந்த மன்னிப்பை நான் உங்களிடம்தானே கேட்டிருக்க வேண்டும்.