கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள்

ஜனவரி 14, செவ்வாய்

காருக்கு உயிர் வர இருபது நிமிடம் ஆயிற்று. ஆரின் சமையலறை ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நின்று கையசைத்தான். வழியனுப்புகிறானா, கேலி செய்கிறானா? முப்பத்தோரு வருடம் கூடவே இருக்கும் புருஷன், இன்னும் பிடிபடவில்லை.

பனியில் நூற்றுப்பத்து மைல் ஓட்டிக்கொண்டு ப்ரேரி ஹில்ஸ் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். தேர்வுக் குழுவில் எனக்கு இது முதல் வருடம். மார்ச் மாதப் பெரிய கூடைப்பந்துப் போட்டிக்கு அறுபத்தெட்டுப் பெண்கள் அணிகளை முடிவு செய்யும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. இந்தச் சமவெளிப் பக்கத்துக் கல்லூரிகளைக் கவனிப்பது என் பங்கு. நான் வேலை பார்க்கும் கல்லூரி பட்டியலில் கடைசி. அதனால் சொந்தப் பாசம் என்று யாரும் சொல்ல முடியாது.

என்ன ஆட்டம் அது! ஒருத்தியும் ஆறடி இல்லை. ஆனால் பந்து தரையில் படுவதற்குள் நான்கு கை மாறுகிறது. இணையத்தில் காட்ட ஒரே ஒரு கேமரா, மூலையில் முக்காலி மேல். பந்து அந்தப் பக்கம் போய்க் கூடையில் விழுந்த பிறகுதான் அது மெதுவாகத் தலையைத் திருப்புகிறது.

ஆட்டம் முடிந்ததும் கோச் லோரெட்டா ஹன்சல் ஒரு தட்டில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாங்க ஜெயிக்கிறது யாருக்குத் தெரியுது மார்லிஸ்? எங்க ஆட்டத்த டிவியில பாக்கணும்னா, டிவியத் தூக்கிட்டு இங்க வந்தாத்தான் உண்டு."

சிரித்தேன். திரும்பும் வழியில் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 2

ப்ரேரி ஹில்ஸ் தொடர்ந்து பதினான்காவது வெற்றி. நாளிதழில் இரண்டு வரி.

பிப்ரவரி 11

இண்டியானாபொலிஸில் குழுவின் கூட்டம். இரவு விருந்தில் என் பக்கத்து நாற்காலி, தொலைக்காட்சி நிறுவனத்துக்காரர் ப்ரென்ட் லஸ்க். நல்ல மனிதர்தான். அதுதான் சிக்கலே.

"நாங்க எதுவும் கேக்க மாட்டோம். நீங்க யாரப் போட்டாலும் காட்டுவோம்" என்றார். பிறகு கைபேசியை என் பக்கம் திருப்பினார். கிழக்குக் கரையின் பெருநகரத்து அணி ஹார்பர் பல்கலைக்கழகம். அதில் ஜேலின் ப்ரூக்ஷர் என்று ஒரு பெண். அவள் போன வாரம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பத்தொன்பது லட்சம் பேர். அந்த வாரம் நடந்த மற்ற ஆட்டங்களையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வரவில்லை.

"சும்மா ஒரு தகவலுக்குத்தான்" என்றார். அப்புறம் என் பேரக்குழந்தைகளைப் பற்றி அன்பாக விசாரித்தார். எனக்குப் பேரக்குழந்தைகள் இல்லை.

அவர் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காததை எப்படி மறுப்பது?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆரினோடு சண்டை. ஹார்பர் இந்த வருடம் பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டிருக்கிறது, ஆனாலும் அந்த அணியைத்தான் உள்ளே இழுப்பார்கள் பார் என்று நான் புலம்பியதுதான் ஆரம்பம்.

"டிவிக்காரன் குடுக்கிற காசுலதான உங்க காலேஜ் பொண்ணுங்க பஸ் ஏறுது? அவன் வேணும், அவன் பேச்சு மட்டும் வேணாமா?"

"அவன் பேச்சக் கேக்கணும்னு எங்கயும் எழுதல."

"எழுதியிருந்தா சண்டையே இல்லையே."

டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஐயோ.

ப்ரேரி ஹில்ஸ் தன் வட்டாரத்து இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டது. ஒரே ஒரு புள்ளி. கடைசி நொடியில் அவர்களுடைய பிரிட்டாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காத எறிதல் — இந்த சீசன் முழுக்கத் தொண்ணூறு சதவிகிதம் போட்டவள் — இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே. அந்தப் பெண் தரையில் உட்காரக்கூட இல்லை. கோட்டிலேயே நின்றாள்.

வட்டாரத்தில் வென்றால் நேரடி நுழைவு. தோற்றவர்களின் தலைவிதி எங்கள் பன்னிரண்டு பேர் கையில். இருபத்தேழு வெற்றி, ஐந்து தோல்வி. போதுமா? போதாது என்று எனக்குள் ஒரு குரல்.

மார்ச் 13

மறுபடி இண்டியானாபொலிஸ், ஹோட்டலின் மேல்தளம். சுவர் நிறையத் திரைகள், மேஜை நிறைய நொறுக்குத் தீனி. அறையில் பேசியது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நாட்குறிப்பில் எழுதினால் வெளியே சொன்ன கணக்கா? இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அறுபத்தேழு இடங்கள் முடிந்தன. மிச்சம் ஒன்று.

நான் பயந்தது அப்படியே நடந்தது. திரையில் இரண்டே பெயர்கள். ப்ரேரி ஹில்ஸ், 27–5. ஹார்பர், 18–13.

இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஹார்பர் மோதியதெல்லாம் பெரிய அணிகள், அந்தத் தோல்விகளை அப்படி எண்ணக் கூடாது என்றார்கள். அதுவும் நியாயமான வாதம்தான். நான்தான் பொறுமை இழந்தேன்.

"பெரிய ஊரு, பெரிய டிவி. அதச் சொல்லிட்டுப் போங்களேன், எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?"

எதிரே வெர்னிடா கோல். கிழக்குக் கரைக்காரி, குழுவில் நான்காவது வருடம். ஹார்பர் பக்கத்து அணிகள் அவள் பொறுப்பு. பேனாவை மூடி வைத்தாள்.

"டிவி எங்க கண்ணக் கட்டிடுச்சுன்னு சொல்றீங்க. உங்க கண்ண உங்க ஊரு கட்டலையா மார்லிஸ்? ஹார்பர் ஆட்டம் முழுசா எத்தன பாத்தீங்க?"

மனதுக்குள் எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. துண்டு துண்டாகப் பார்த்ததுதான், அதுவும் குறை தேடி.

"நீங்க ப்ரேரி ஹில்ஸ் எத்தன பாத்தீங்க?" என்றேன்.

"எண்கள் மட்டும்" என்றாள்.

வாக்கெடுப்பு: ஆறுக்கு ஆறு. தலைவர், நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

முகம் கழுவிக்கொண்டு தாழ்வாரத்தில் வெர்னிடாவைப் பிடித்தேன். "உங்களத் தப்பாப் பேசிட்டேன்."

"பேசினீங்க." புன்னகை இல்லை. "காலைல அஞ்சரைக்கு வருவீங்களா? உங்க பொண்ணுங்களக் காட்டுங்க. அப்புறம் எங்க பொண்ணுங்களக் காட்டறேன். ஃபார்வர்டு பண்ணாம, முழுசா."

மார்ச் 15, சனி

ஐந்தரைக்குப் போனால் அவள் எனக்கு முன்னால். காலில் கம்பளி உறை, கையில் நோட்டு.

முதலில் ஹார்பர், நான் கேட்டபடி. ஜேலினை நான் விளம்பரப் பொம்மை என்று முடிவு கட்டியிருந்தேன். அவள் பந்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்துவைத்திருக்கிறாள். இப்படி ஒரு பெண்ணைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று? இரண்டாம் பாதியில் என்னை அறியாமல் "அடடா" என்றுவிட்டேன். வெர்னிடா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவளப் பாத்துட்டு எங்க தெருவுல பந்து வாங்காத சின்னப் பொண்ணு கிடையாது. அந்தப் பத்தொன்பது லட்சத்துல அவங்களும் இருக்காங்க. அது தப்பா?"

"தப்பில்ல."

ஆனால் ஜேலின் ஓய்வுக்கு வெளியே போன ஒவ்வொரு முறையும் அணி சரிந்தது. நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது. நோட்டில் எதையோ எழுதி, கோடு போட்டாள்.

பிறகு ப்ரேரி ஹில்ஸ். டிசம்பரில் நாட்டின் எட்டாம் இடத்து அணியை, அவர்கள் ஊருக்கே போய் வென்ற ஆட்டம். அதுவும் எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை. பத்து நிமிடத்தில் வெர்னிடா முன்னால் சாய்ந்தாள். ஒரு தடுப்பாட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தரம். பிறகு,

"அடிப்பாவி, ஜனவரியிலயே இத எனக்கு அனுப்ப மாட்டியா?"

"நீ" என்கிறாள்! நேற்று வரை "நீங்க".

பத்து மணிக்கு வாக்கெடுப்பு. ஏழுக்கு ஐந்து. ப்ரேரி ஹில்ஸ் உள்ளே.

தொலைக்காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. மற்ற ஐவரின் மனதில் அது இருந்ததா? தெரியாது. அவர்களுக்கேகூடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பிப்ரவரி விருந்திலிருந்து என் மனதில் அது இருந்தது, எதிர்ப் பக்கமாக. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அறிவிப்பை ஹோட்டல் அறையில் பார்த்தேன். ப்ரேரி ஹில்ஸ் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஐந்து விநாடிக் காட்சி: லோரெட்டாவைப் பெண்கள் தூக்குகிறார்கள், பிரிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

ஜேலினுக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்தார்கள். அழவில்லை. "இன்னும் ரெண்டு வெற்றி எங்க கையில இருந்துச்சு, விட்டுட்டோம். அவங்க நல்லா ஆடட்டும்" என்றாள். இருபது வயதுப் பெண்.

இரண்டு காட்சியிலும் என் வாக்கு இருக்கிறது. ஒன்றை மட்டும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆரின் தொலைபேசியில்: "டிவிக்காரன் பேச்சக் கேக்கல போல?"

"ஒரு கிழக்குக்காரி பேச்சக் கேட்டேன்."

மார்ச் 21

முதல் சுற்றில் வென்றோம்! நான்கு புள்ளி வித்தியாசம். பிரிட்டா கடைசி நிமிடத்தில் ஆறு ஃப்ரீ த்ரோ, ஆறும் உள்ளே. காலை பதினோரு மணி ஆட்டம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஓர் ஆள், "அந்தக் குட்டைப் பொண்ணுங்க ஆட்டம் பாத்தீங்களா?" என்று என்னையே கேட்டான்.

மார்ச் 23

பத்தொன்பது புள்ளியில் தோற்றோம். தோற்றார்கள். நான் நடுநிலைக்காரி.

ஏப்ரல் 29

வெர்னிடாவும் நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததைக் குழு ஏற்றுக்கொண்டது. இனிக் கடைசி இடங்களுக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் அந்த அணிகளின் ஆட்டம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். எழுதினால் அரைப் பக்கம்கூட வராத விதி. இத்தனை வருடம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

டிசம்பர் 6, சனி

வெர்னிடாவுக்குக் கொடுத்த வாக்குப்படி ஹார்பர் வந்திருக்கிறேன். ஒன்பதாயிரம் பேர், காது அடைக்கிறது. ஜேலின் இந்த வருடம் ஓய்வுக்கு வெளியே போனாலும் அணி சரியவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கத்திக் கத்தி மற்றவர்களை அவரவர் இடத்தில் நிறுத்துகிறாள். மூன்று பக்கம் குறிப்பு எடுத்தேன், எல்லாம் நல்ல குறிப்பு. "மார்ச்சுல இத மறந்துடாத" என்று வெர்னிடா என் நோட்டைத் தட்டினாள்.

இடைவேளையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ப்ரென்ட் லஸ்க் வந்தார்.

"மார்லிஸ்! நீங்க இங்கயா? நல்லவேளை. இருபதாம் தேதி ப்ரேரி ஹில்ஸ் ஆட்டத்த நேரடியாக் காட்டறோம். ஆறு கேமரா, ரெண்டு லாரி, முப்பது ஆளு. அந்த ஊர்ல தங்கறதுக்கு எதாவது இருக்கா?"

"ஒரு லாட்ஜ் இருக்கு. பன்னிரண்டு ரூம்" என்றேன். "லோரெட்டாவோட பொண்ணுங்க அந்த ஆட்டத்துக்குச் சொந்தக்காரங்கள வரச் சொல்லிட்டு இருக்காங்க. சீக்கிரம் ரூம் சொல்லி வைங்க."