புல் புத்தகத்துக்குச் சிவப்பு டேக்

3 ஜூலை 2012, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் வந்தது, பெய்யாமல் போனது. சீருடை இரண்டும் துவைத்துக் கொடியில்.

கம்பெனி யோசனைப் போட்டியில் பரிசு எனக்கு. நோட்டீஸ் போர்டில் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். நான் சொன்னது ஒன்றுமே இல்லை. சோதனை மேஜையில் விளக்கு தலைக்கு மேலே நேராகத் தொங்கியது. அதைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், கீறல் தெரியும் என்றேன். ஐந்து வருடமாக அந்த மேஜையில்தான் நிற்கிறேன். கார் கதவின் உள்பக்கத்துக்குப் போகும் பிளாஸ்டிக் பேனல். எடு, திருப்பு, பார். நல்லது என்றால் பச்சை டேக், கெட்டது என்றால் சிவப்பு. இதற்கு இன்ஜினியர் வேண்டாம், கண் போதும்.

பரிசு: விரும்பிய புத்தகம் ஒன்று. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மேடையில், பிளான்ட் ஹெட் கையால். ஹெச்.ஆர். சதீஷ் சார் ஒரு பட்டியலை நீட்டினார். ஆங்கிலம் பேச, தன்னம்பிக்கை வளர, சமையல். எனக்குப் புகைப்படப் புத்தகம் வேண்டும் என்றேன்.

"அதைப் பாத்து இன்னாமா பண்ணப்போற?"

"பாக்கப்போறேன் சார்."

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

4 ஜூலை, புதன்

கேன்டீனில் உப்புமா. தேவி தன் பங்கையும் எனக்குத் தள்ளிவிட்டாள். பக்கத்து மேஜையில் நிற்பவள், பென்னலூர்க்காரி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

யார் புத்தகம் என்று கேட்டாள். காலண்டர்க்காரர் என்றேன். போன வருடத்துக் கம்பெனி காலண்டரில் பன்னிரண்டு படமும் ஒரே ஆள் எடுத்தது. ஓரத்தில் எறும்பு அளவில் பெயர். கட்டங்களில் நான் ஏ, பி, சி என்று ஷிப்ட் குறித்துக்கொண்டு இருந்தேன், மேலே மலையும் ஏரியும். மார்ச் மாதம் தேரி. எங்கள் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் மேடு. வருடம் முடிந்தும் கழற்றவில்லை, இன்னும் மண்ணூர் அறைச் சுவரில்தான் இருக்கிறது.

அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். "வெறும் மண்ணுதான்டி கீது அதுல."

வெறும் மண்ணா. ஊரில் பெரியப்பாவும் அதையேதான் சொல்வார். இங்கே ஃபேக்டரி கட்டுவதற்கு முன்னாலும் எல்லாரும் இதைக் காலி இடம் என்றுதான் சொன்னார்களாம். ஒருத்தருக்கும் பார்க்கத் தெரியாது, பெயர் வைக்க மட்டும் தெரியும்.

சாயங்காலம் பிரவுசிங் சென்டர். காலண்டர்க்காரருக்கு மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு ஒன்றுதான் தருவார்கள். எது?

8 ஜூலை, ஞாயிறு

சென்னை. பஸ்ஸில் போகும்போது நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. கால் வலி.

புத்தகக் கடைக்காரர் கண்ணாடி போட்ட வயதானவர். முதலில் மூன்றையும் கொடுக்கவே தயங்கினார். கையைத் துணியில் துடைத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் பிடித்துத் தூக்கினேன், பேனலைத் தூக்குகிற மாதிரி. அதன் பிறகு அவர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

1. மலைகள். பெரியது, கனமானது, கலர். இதுதான் அதிகம் விற்குமாம், எல்லாரும் சிறந்தது என்பார்களாம். அட்டை அருமை, அச்சு அருமை. பக்கம் திருப்பத் திருப்ப எனக்கு என்னவோ உறுத்தல். நாற்பதாவது படத்தில் பிடித்துவிட்டேன். இடப்பக்கம் ஒரு சின்ன மேகம். வலப்பக்கம் அதே மேகம். அதே வால், அதே பிசிறு. ஏதோ ஒன்றை மறைக்க நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார். கரண்ட் கம்பமாக இருக்கும். கடைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் சொல்லவில்லை என்றார். ஒரு நாளைக்கு அறுநூறு பேனல் பார்க்கிறவள் இதுவரை அந்தக் கடைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

2. கடல். எல்லாம் பால் மாதிரி வழவழ. அலையே இல்லை. கடல் பக்கத்திலிருந்து வந்தவளிடம் அலை இல்லாத கடலா? வேண்டாம்.

3. தேரி. ஒல்லியானது, கறுப்பு வெள்ளை, அட்டை மங்கல். அவருடைய முதல் புத்தகமாம், விற்கவில்லையாம். விடியற்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து மணலின் ஒவ்வொரு வரியும் தெரிகிறது. சாய்ந்த வெளிச்சம்! நான் போன மாதம் கண்டுபிடித்ததை இந்த மனிதர் இருபது வருடம் முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறார். ஒரு படத்தில் மேட்டின் மேல் சைக்கிள் தடம், நடுவில் யாரோ இறங்கித் தள்ளிக்கொண்டு போன கால் தடம். அதை அவர் அழிக்கவில்லை. கரண்ட் கம்பமும் நிற்கிறது, நின்றால் நிற்கட்டும் என்று. அந்தப் படத்திலேயே இருந்துவிட்டேன். அழுகை வந்தது. கடையில் அழ வேண்டாமென்று அட்டையைப் பார்த்தேன்.

மூன்றாவதுதான் சிறந்தது. யார் என்ன சொன்னாலும்.

9 ஜூலை, திங்கள்

படிவம் கொடுத்தாயிற்று. புத்தகத்தின் பெயர், கடை விலாசம் எல்லாம் தெளிவாக. "வகை" என்ற கட்டத்தில் கடைக்காரர் சொன்னபடி லேண்ட்ஸ்கேப் என்று எழுதினேன். நிலத்தைப் படம் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம்.

சோப்பு, ஊக்கு, தலைவலித் தைலம் வாங்க வேண்டும்.

12 ஜூலை, வியாழன்

மழை, ஒரு வழியாக. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, பாதி நனைந்தேன்.

புத்தகம் வந்துவிட்டது என்று சதீஷ் சார் கூப்பிட்டார். ஓடினேன். பிரித்தேன். புல். பக்கம் பக்கமாகப் புல்தரை, வேலிச்செடி, தண்ணீர் தெளிக்கும் குழாய்.

நடந்தது இது. எங்கள் கம்பெனியில் லேண்ட்ஸ்கேப் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் புல் வெட்டுகிற கான்ட்ராக்ட். அட்மினில் வகையை மட்டும் படித்துவிட்டு, அந்த கான்ட்ராக்டரிடமே நல்ல புத்தகமாக ஒன்று கேட்டு வாங்கிவிட்டார்கள். சார் சிரித்துவிட்டு, நாளைக்கு போட்டோவுக்கு மட்டும் இதைப் பிடித்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். அது வராது.

மேஜைக்கு வந்தேன். சிவப்பு டேக் ஒன்றை எடுத்து எழுதினேன். பொருள்: புத்தகம். குறை: கேட்டது இது இல்லை. என் முத்திரை எண் 27. புல் புத்தகத்தில் நூலால் கட்டி, திரும்பிப் போய் சார் மேஜையில் வைத்தேன். எங்கள் பிளான்டில் சிவப்பு டேக்கைக் கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். பிளான்ட் ஹெட்டே வந்தாலும் தொடக்கூடாது, ஒவ்வொரு மேஜைக்கும் மேலே எழுதி மாட்டியிருக்கிறது.

"இன்னாடி, வேல போய்டும்டி," தேவி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். அவளிடம் சொல்லவில்லை.

13 ஜூலை, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். தேவி பூ கொண்டுவந்தாள்.

மேடைக்குப் போவதற்கு முன் ச. சார் இரண்டு முறை வந்தார். அவிழ்த்துவிடு என்று கேட்டார். பிறகு, பெரிய ஆளாகிவிட்டாயா என்று கேட்டார். அவிழ்க்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவரும் அந்த டேக்கைத் தொடவில்லை. விதியைக் கிளாஸ் எடுத்துச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

பெயர் கூப்பிட்டார்கள். பிளான்ட் ஹெட் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார், கொடுக்க எதுவும் இல்லை. புத்தகம் எங்கே என்று என்னையே கேட்டார். மைக் பக்கத்தில் இருந்தது.

"புல் வளக்கிற புஸ்தகம் வந்துச்சு சார். நான் கேட்டது தேரி. அதான் டேக் போட்டிருக்கேன்."

முதலில் அசெம்பிளிக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை. டேக் போட்டால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று சதீஷ் சாரைக் கேட்டார். மூன்று வேலை நாள், என்றார் அவர், மெதுவாக.

வெறுங்கையோடு கைகுலுக்கினோம். போட்டோ எடுத்தார்கள்.

16 ஜூலை, திங்கள்

நோட்டீஸ் போர்டில் அந்த போட்டோ. என் கையில் ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஏதாவது ஒட்டாமல் விட்டார்களே.

போகிற வருகிற எல்லாரும் "தேரி" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

18 ஜூலை, புதன்

மூன்றாவது வேலை நாள். பத்தரைக்கு ஸ்டோர்ஸிலிருந்து போன். பழுப்புத் தாள் பார்சல். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். ஒல்லி, மங்கல் அட்டை.

சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில், சாய்த்து வைத்த விளக்குக்குக் கீழே, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். தேவி தோளுக்கு மேலே. சைக்கிள் தடம் வந்ததும் அவள்தான் முதலில் விரலை வைத்தாள். "யாரோ எறங்கி தள்ளிக்கினு போயிருக்காங்க." பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்ப விடவில்லை. சாப்பிடப் போகவும் இல்லை.

ச. சார் அறைக்குப் போய் டேக்கை அவிழ்த்தேன். ஸ்டோர்ஸ் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பொருளின் பெயர் என்ற இடத்தில் யாரோ லேண்ட்ஸ்கேப் என்று எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டு என் கையால் எழுதினேன்.

நிலம். ஒன்று. சரி. 27.