மேட்டு லயத்துத் தண்ணீர்

வியாழக்கிழமை, ருவான்வெல்லை.

பொருளியல் ஆய்வுக்கு வந்த அம்மணி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான இரண்டு லயங்களில் மேட்டு லயத்துக்கு மட்டும் தண்ணீர் ஃபில்டர் கொடுத்திருந்தார். இன்று சோர்ந்துபோய்ச் சொன்னார்: “பள்ளத்து லயத்திலயும் வயித்தோட்டம் அதே அளவு குறைஞ்சிருக்கு. ஃபில்டரால பிரயோசனமில்லை எண்டுதான் எழுதவேணும். மற்றத் தோட்டங்களுக்கு இனிக் குடுக்கமாட்டினம்.”

காரணம் எனக்குத் தெரியும். பள்ளத்து லயமே மேட்டிலிருந்துதான் குடம் குடமாக எடுத்துக் குடிக்கிறது. மேட்டு லயத்துச் செல்வி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். “மிஸ்ஸு குடுக்காதேன்னாங்க சார். பள்ளத்துல இருக்கிற எங்க அண்ணி கேப்பாளா? கைப்பிள்ளை இருக்குங்களே.” பிறகு சிரிப்பு நின்றது. “அவங்ககிட்ட சொல்லிறாதீங்க. ஃபில்டரைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்தால் அந்த அண்ணியின் பிள்ளைக்குத் தண்ணீர் நின்றுபோகலாம். மூடிக்கொண்டால் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரவே வராது.

காலையில் அம்மணி கொழும்புக்குப் புறப்படுகிறார். வழியனுப்பப் போவதா வேண்டாமா என்றே இன்னும் முடிவாகவில்லை.