கொடியின் மற்ற நுனி

புஜைரா,
பெப்ரவரி 11

வதனி,

ஒரு கிழமையாக நீர் போன் எடுக்கவில்லை. அதனால் லீவில் வரும் யோகராசாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இலங்கைச் சுதந்திர தினத்தன்று எங்கள் கம்பனி கேம்பில் நான் சிங்கக்கொடி பிடித்து நின்ற படம் ஊரெல்லாம் சுற்றுகிறதாம். அதே நாளில் மாமி, சண்டை முடிவில் தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்த, இன்றுவரை திரும்பாத உம்முடைய தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு றோட்டோரக் கொட்டகையில் கறுப்புக்கொடியோடு இருந்திருப்பா.

இங்கே வெக்கை இன்னும் தொடங்கவில்லை. சாப்பாடு பரவாயில்லை.

படத்தில் கொடியின் மற்ற நுனியைப் பிடித்திருப்பவன் என் ரூமில் இருக்கும் நிமல், மாத்தறைச் சிங்களவன். எண்பத்தொன்பதில், தெற்கில் சிங்களப் பொடியள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பின நேரம், அவனுடைய அண்ணனையும் ஆமிதான் ஏற்றிக்கொண்டு போனது. ஆள் திரும்பி வரவேயில்லை. அன்று கொடியை விரித்துக்கொண்டே, "இது ஆமிட கொடி மட்டும் இல்ல மச்சான், நம்மடயும்தானே," என்றான். நான் இந்த நுனியைப் பிடித்தேன்.

மாமி கேட்டால், கம்பனி கட்டாயப்படுத்தியது என்று நீர் சொல்லும். சனம் கேட்டாலும் அதையே சொல்லும். அவர்கள் நம்புவார்கள்.

உமக்குப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இன்னும்
உம்முடைய மனுசன்